எண்ணெயில் கரையும் துள்ளல்

எம்ஜிபி காரின் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், இன்றைய கார்களில் பழகிய கண்ணுக்கு ஏதோ குறைவதாகத் தோன்றும். தடித்த காயில் ஸ்பிரிங் இருக்கிறது. அதைத் தாங்கும் அகன்ற கீழ்க் கை இருக்கிறது. ஸ்பிரிங்குக்குள்ளோ பக்கத்திலோ நிற்க வேண்டிய குழாய் வடிவ ஷாக் அப்சார்பரைத்தான் காணோம். சற்று மேலே, காரின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் மீது, நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட வார்ப்பு உலோகப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து புறப்படும் இரண்டு இரும்புக் கைகள் வெளிப்பக்கமாக நீண்டு, சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் உச்சியைப் பிடித்திருக்கும். அந்தப் பெட்டிதான் ஷாக் அப்சார்பர். அந்தக் கைகள்தான் சஸ்பென்ஷனின் மேல் கை.

சக்கரத்தின் துள்ளலைத் தணிப்பதும், சக்கரத்தைச் சாய விடாமல் நிமிர்த்திப் பிடிப்பதும் இங்கே ஒரே உறுப்பின் பொறுப்பு. இந்தக் காரின் முன் ஷாக் அப்சார்பரை மாற்றும் வேலை மற்ற கார்களில் இருப்பதைவிட நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தணிப்பு என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துக் கற்க இதைவிட நல்ல கருவியும் எனக்குத் தெரியவில்லை. குழாய் வடிவ ஷாக் அப்சார்பர் தன் உள்ளுறுப்புகளை மூடி வைத்திருக்கும். இதன் மேலிருக்கும் மூடியைத் திறந்தால் எண்ணெய் தெரியும், கையை அசைத்தால் எதிர்ப்பு தெரியும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் உருவானது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன் முன்பக்க சஸ்பென்ஷனின் வயது காரின் வயதைவிட அதிகம். பின்னாளில் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸ், ஜாக் டேனியல்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து 1930-களின் இறுதியில் வகுத்த அமைப்பு அது. போர் குறுக்கிட்டதால் 1947-இல் எம்ஜி ஒய் வகைக் காரில்தான் சாலைக்கு வந்தது. பிறகு 1950-இன் டிடி, 1955-இன் எம்ஜிஏ என்று கைமாறி எம்ஜிபிக்கு வந்து சேர்ந்தது. பெட்டிகளை ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது.

சென்ற அத்தியாயத்தில் ஸ்பிரிங்கைப் பார்த்தோம். சாலையின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். ஆனால் வாங்கிய ஆற்றலை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அமுங்கும்போது சேமித்ததை விரியும்போது ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும். சாலையில் ஒரு மேடு வந்து போனபின்னும் காரின் உடல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட காரில் உடலின் இயல்பான அலைவு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை. முன் சக்கரம் ஒன்றின் பங்குக்கு சுமார் 250 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அந்த மூலை 5 சென்டிமீட்டர் அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 17 ஜூல் ஆற்றல் ஸ்பிரிங்குக்கும் உடலுக்கும் இடையே கைமாறும். அந்த ஆற்றலுக்கு ஒரு போக்கிடம் வேண்டும். ஷாக் அப்சார்பர் அதை எண்ணெயைச் சூடாக்கப் பயன்படுத்துகிறது. அதன் வேலையே அவ்வளவுதான்: இயக்கத்தை வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுவது.

எவ்வளவு வேகமாக விடுவது என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. அதை அளக்க இயற்பியலாளர்கள் தணிப்பு விகிதம் என்றொரு எண்ணை வைத்திருக்கிறார்கள். அது பூஜ்யம் என்றால் ஆட்டம் நிற்கவே நிற்காது. ஒன்று என்றால் அமுக்கிவிட்ட கார் ஒரு முறைகூடத் தன் நிலையைத் தாண்டி எழாமல் அமைதியாகத் திரும்பி வரும். காரின் முன் மூலையை 10 சென்டிமீட்டர் அமுக்கிவிட்டுக் கையை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.3 ஆக இருந்தால் கார் தன் நிலையைத் தாண்டி 3.7 சென்டிமீட்டர் எழும். பிறகு 1.4 சென்டிமீட்டர் தாழும். அடுத்த எழுச்சி அரை சென்டிமீட்டர்தான். தேய்ந்த ஷாக் அப்சார்பரால் அந்த எண் 0.1-க்கு இறங்கிவிட்டால் முதல் எழுச்சி 7.3, அடுத்த தாழ்வு 5.3, அதற்கடுத்த எழுச்சி 3.9. அரை சென்டிமீட்டருக்கு அடங்குவதற்குள் பத்து முறை திசை மாறியிருக்கும். பட்டறைகளில் மட்கார்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய சோதனைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

அப்படியானால் விகிதத்தை ஒன்றுக்கே கொண்டுபோய்விடலாமே என்று தோன்றும். ஆனால் சாலைக் கார்களில் அது பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில்தான் வைக்கப்படுகிறது. திரவத் தணிப்பான் வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும். கூர்மையான ஒரு விளிம்பில் சக்கரம் ஏறும்போது அது மேலெழும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டலாம். அந்த வேகத்தில் கடினமான தணிப்பான் விறைத்து நின்று, ஸ்பிரிங் வாங்கியிருக்க வேண்டிய அடியை நேராக உடலுக்குக் கடத்திவிடும். திரும்பும் திசையிலும் சிக்கல் உண்டு. பள்ளத்தின் மேல் செல்லும்போது சக்கரம் உடனே கீழிறங்கித் தரையைத் தொட வேண்டும். தணிப்பான் அதை இழுத்துப் பிடித்தால் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அடுத்தடுத்து மேடுகள் வந்தால், ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் அடுத்த அடி விழுந்து, கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும்.

இதுவரை சொன்னது காரின் உடல் ஆடும் ஆட்டம். இன்னொரு ஆட்டம் இருக்கிறது. ஆபத்து அதிகமாக இருப்பது அதில்தான் என்பது என் கருத்து. சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்து சுமார் 30 கிலோ. அந்த எடை காயில் ஸ்பிரிங்குக்கும், காற்றடைத்த டயர் என்ற இன்னொரு கடினமான ஸ்பிரிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இயல்பான அலைவு நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை. எம்ஜிபியின் 14 அங்குலச் சக்கரத்தில் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 13 முறை சுழலும். சக்கரம் சரியாகச் சமன்படுத்தப்படாமல் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு தள்ளல் சக்கரத்தின் சொந்த அலைவோடு தாளம் தப்பாமல் சேர்ந்துகொள்ளும். பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படிப்பது இதுதான். தணிப்பான் நன்றாக இருந்தால் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கத்தோடு போய்விடும். தேய்ந்திருந்தால் டயர் நொடிக்குப் பதின்மூன்று முறை தரையை அழுத்தியும் விட்டும் ஓடும்.

டயரின் பிடிமானம் அதன் மேல் விழும் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. எடை இரட்டிப்பானால் பிடி இரண்டு மடங்குக்குக் குறைவாகத்தான் கூடும். எடை பூஜ்யமானால் பிடியும் பூஜ்யம். ஆகவே எடை ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும் டயரின் சராசரிப் பிடி, அதே எடையைச் சீராகத் தாங்கும் டயரின் பிடியைவிட எப்போதும் குறைவு. பிரேக் தூரம் நீள்வதும், மேடுபள்ளமான வளைவில் முன்பக்கம் வெளியே நழுவுவதும் இதனால்தான். ஷாக் அப்சார்பர் பயணச் சுகத்துக்கான பொருள், கொஞ்சம் தேய்ந்தாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண்ணம் உயிருக்கு ஆபத்தானது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யத் தேவையான தரைத் தொடர்பைக் காப்பது இந்தப் பெட்டிதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தணிப்பு என்றால் காய்ந்த உராய்வு. பிரான்ஸில் ட்ரூஃபோ உருவாக்கி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் பரப்பிய அமைப்பில் இரண்டு கைகள் கத்தரிபோல் இணைந்திருக்கும். இணைப்பில் உராய்வுத் தட்டுகளை அடுக்கி நட்டால் இறுக்கியிருப்பார்கள். எளிமையானது, பழுது பார்க்கவும் சுலபம். அதன் குறை அடிப்படையானது. காய்ந்த உராய்வு வேகத்தைப் பொருட்படுத்தாது, மெல்ல அசைந்தாலும் வேகமாக அசைந்தாலும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்புத்தான். அதிலும், அசையத் தொடங்கும் கணத்தில்தான் எதிர்ப்பு மிக அதிகம். சின்னச் சின்ன மேடுகளில் கை அசையவே மறுக்கும். பெரிய மேட்டில் போதுமான எதிர்ப்பு கிடைக்காது. வேண்டியது இதற்கு நேர் எதிரானது. மெல்ல அசைந்தால் மெல்ல எதிர்க்க வேண்டும், வேகமாக அசைந்தால் வலுவாக எதிர்க்க வேண்டும். திரவத்தின் இயல்பே அதுதான். மோரிஸ் ஊதாய் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் அறியப்பட்ட சுழல்வகைத் திரவத் தணிப்பான்கள் இந்த வழியைத் திறந்தன. 1920-களின் இறுதியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரிலேயே அவை இருந்தன.

ஆம்ஸ்ட்ராங் பெட்டி அந்த மரபில் வந்தது. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் கண்ணாடிக் கதவின் மேல் மூலையில், கதவை அடித்துச் சாத்த விடாமல் மெல்ல மூடும் ஒரு பெட்டியும் கையும் இருக்குமே, ஏறக்குறைய அதே அமைப்பு. சக்கரம் மேலெழும்போது கை ஓர் அச்சைத் திருப்பும். பெட்டிக்குள் அந்த அச்சு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிர்த் திசையில் நகர்த்தும். ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் எண்ணெய் மற்றதற்குப் போக ஒரே வழி, நடுவிலிருக்கும் வால்வு.

வெறும் துளையாக இருந்தால் போதாதா? துளை வழியே பீறிடும் திரவத்தின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மெல்லிய ஆட்டத்தில் துளை இருப்பதே தெரியாது. கூர்மையான அடியில் பெட்டி பூட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதனால் வால்வில் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட மூடிகள் இருக்கின்றன. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் மூடி விலகி வழியை அகலமாக்கும். ஏறும் திசைக்கு ஒரு ஸ்பிரிங், இறங்கும் திசைக்கு இன்னொன்று. இறங்கும் திசைக்கானது பொதுவாகக் கடினமாக இருக்கும். சக்கரம் ஏறும்போது காயில் ஸ்பிரிங்கே எதிர்க்கிறது, தணிப்பான் கூடவே எதிர்த்தால் அடி இரட்டிப்பாகும். ஸ்பிரிங் விரியும்போதோ அதன் சேமிப்பு முழுவதையும் அடக்கத் தணிப்பானைத் தவிர வேறு ஆளில்லை.

இந்த அமைப்பின் பலவீனமும் அதன் உடலிலேயே இருக்கிறது. வெளியே கையின் நுனி நகரும் தூரத்தைவிட உள்ளே பிஸ்டன் நகரும் தூரம் பல மடங்கு குறைவு. வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. தூரம் குறைந்தால் விசை கூடியாக வேண்டும். ஆகவே கொஞ்சம் எண்ணெயில் மிக அதிக அழுத்தம். மோசமான சாலையில் நொடிக்கு இரண்டு மூன்று துள்ளல்கள் வந்தால் ஒரு பெட்டிக்குள் சுமார் 50 வாட் வெப்பம் உருவாகும். எண்ணெய் சூடாகி இளகும், பிஸ்டனின் ஓரமாகக் கசிவது கூடும். அச்சு வெளியே வரும் இடத்திலுள்ள சீல் தேய்ந்தால் எண்ணெய் சொட்டும், அளவு குறைந்தால் காற்று புகும். காற்றை அழுத்தினால் சுருங்கிவிடும். அதனால் கை திசை மாறும் ஒவ்வொரு முறையும் சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும்.

பெட்டி தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. மேல் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கையை முழு எல்லைக்கும் அசைத்துப் பாருங்கள். எதிர்ப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வெற்றிடம் தட்டுப்பட்டால் எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றியும் வெற்றிடம் போகாவிட்டால் உள்ளே தேய்மானம். கையைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அச்சு அசைந்தால் மறுபேச்சில்லை, பெட்டியை மாற்றியாக வேண்டும். அந்த அசைவு சக்கரத்தின் சாய்வுக் கோணத்திலும் இருக்கும். இந்தக் காரின் முன்பக்கத்தில் சாய்வைத் திருத்த எந்தத் திருகும் கிடையாது. தேய்ந்த பெட்டியில் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. துளைவழி எதிர்ப்பு பெரும்பாலும் எண்ணெயின் அடர்த்தியைச் சார்ந்தது, அதன் பாகுத்தன்மையை அதிகம் சார்ந்ததல்ல. கெட்டி எண்ணெய் ஓரக் கசிவைச் சற்றுக் குறைக்கும், குளிர்ந்த காலையில் காரை விறைக்க வைக்கும். வால்வு செய்ய வேண்டிய வேலையை அதனால் செய்ய முடியாது.

குழாய் வடிவத்துக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி எம்ஜிபி வைத்திருப்பவர்களிடையே ஓயாது. பிரான்ஸின் டி கார்பன் வகுத்த, வாயு அழுத்தம் கொண்ட ஒற்றைக் குழாய்த் தணிப்பானை ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்காகத் தயாரிக்கத் தொடங்கியது. பிஸ்டன் நீண்ட தூரம் நகர்வதால் அழுத்தம் குறைவு, குழாய் காற்றில் நிற்பதால் குளிர்ச்சி அதிகம், வாயு அழுத்தம் எண்ணெய் நுரைப்பதைத் தடுக்கும். பந்தயத்துக்கு அது மேலானது. ஆனால் எம்ஜிபியில் குழாயைச் சேர்த்தாலும், பல அமைப்புகளில் பழைய பெட்டி மேல் கையாக அங்கேயே இருந்தாக வேண்டும். அதன் அச்சு தேய்ந்திருந்தால் புதுக் குழாயால் பயனில்லை. சாலையில் ஓட்டும் காருக்கு, புதிய அச்சுத் தாங்கிகளும் சீல்களும் இட்டு முறையாகப் புதுப்பித்த ஆம்ஸ்ட்ராங் பெட்டியே போதும் என்பது என் முடிவு.

மாற்றும் வேலையில் உயிருக்கு ஆபத்தான கணம் ஒன்று உண்டு. சக்கரம் தரையில் இல்லாதபோது, அமுங்கிய காயில் ஸ்பிரிங் கீழ்க் கையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது கிங்பின்னும் அதன் உச்சியைப் பிடித்திருக்கும் மேல் கையும். அந்த மேல் கையைத்தான் நாம் கழற்றப் போகிறோம். கார் தன் எடையில் நிற்கும்போது ஸ்பிரிங்கின் விசை 400 கிலோ எடைக்கும் மேல், சேமித்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 170 ஜூல். 17 கிலோ இரும்புக் குண்டு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் அது. ஆகவே பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, கீழ்க் கையில் ஸ்பிரிங் உட்காரும் தட்டின் அடியில் ஜாக்கியை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். ஜாக்கியும் எண்ணெயால் நிற்கும் கருவிதான், அதன் சீலும் கசியலாம். தட்டின் அடியில் இன்னொரு ஸ்டாண்டும் கொடுத்துவிடுங்கள். வேலை முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது.

மற்றதெல்லாம் பொறுமை. மேல் இணைப்பின் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, நீண்ட பின்னை வெளியே தட்ட வேண்டும். ஹப் முழுவதும் வெளிப்பக்கம் சாயும். பிரேக் ஹோஸ் அதன் பாரத்தைச் சுமக்காதபடி கம்பியால் கட்டி நிறுத்தினால், நான்கு போல்ட்டுகளையும் கழற்றிப் பெட்டியைத் தூக்கிவிடலாம். புதுப் பெட்டியை உடனே பூட்டக் கூடாது. படுக்கவைத்து அனுப்பியிருந்தால் சிலிண்டருக்குள் காற்று போயிருக்கும். வைஸில் நிமிர்த்திப் பிடித்து, கைகளை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு மெதுவாகப் பலமுறை அசைத்து, வெற்றிடம் மறையும்வரை எண்ணெய் சேர்க்க வேண்டும். திறப்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். சூடானால் எண்ணெய் விரிவதற்கு இடம் வேண்டும். நான்கு போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே திருகி ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தின் மரை கெட்டால் அதைச் சரிசெய்வது இதைவிடப் பெரிய வேலை.

மேல் இணைப்பின் ரப்பர் புஷ்களையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. அவற்றின் நட்டைக் கடைசியாக இறுக்குவது கார் தன் எடையில் சக்கரங்கள் மீது நிற்கும்போது மட்டுமே. தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கோடே இருந்து சீக்கிரம் கிழியும். மறுபக்கத்துக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் 0.3-இலும் மறுபக்கம் 0.1-இலும் தணியும் கார் பிரேக் அடிக்கும்போது நேராக நிற்காது. இரண்டும் முடிந்தபின் முன் சக்கரங்களின் உள்வாங்கலை (டோ-இன்) அளந்து சரிசெய்துகொள்ளுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு போல்ட்டுகளின் இறுக்கத்தையும் எண்ணெயின் அளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் பெட்டியின் மேற்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரம் வாரியிறைக்கும் மண்ணெல்லாம் சேர்வது அங்கேதான். ஒரு மணல் துகள் எண்ணெயோடு உள்ளே போய் வால்வு மூடி அமரும் இடத்தில் சிக்கினால், மூடி முழுதாக மூடாமல் நிற்கும். வேகமான அடிகளில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மூடி எப்படியும் திறக்கும் வேகம் அது. மெல்லிய ஆட்டங்களுக்கான எதிர்ப்புதான் அந்த இடைவெளி வழியே ஒழுகிப்போகும்.